முதல் ஒரு மணி நேரம்

எட்டு முப்பதுக்குச் சரியாக லிங்க்ட்இன்னில் பதிவு வந்துவிட்டது. அதில் குறை சொல்ல முடியாது, இரண்டு வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் தவறவிட்டதில்லை. ஆனால் என் பெயரில் வரவில்லை. எம்.டி. பெயரில் வந்திருக்கிறது. வட்டத்துக்குள் கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிற ராஜமாணிக்கத்தின் படம், அதற்குக் கீழே 'என் அம்மா பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார்' என்று ஆரம்பிக்கிறது. என் அம்மா. என்னுடைய அம்மா துளசிமணி, இந்த ஆளுக்கு எப்போது அம்மா ஆனாள்? பஸ் கோவில்பாளையத்தைத் தாண்டுகிறது. மடியில் இரண்டு போன். ஒன்று கம்பெனி கொடுத்தது, அதில் நான் எம்.டி. இன்னொன்று என்னுடையது, அதில் நான் கோகிலவாணி, சிட்கோவில் ஒரு பம்ப் கம்பெனியில் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ், இதுவரை போட்ட பதிவுகள் பூஜ்யம். இன்றைக்கு ஒன்று ஆகியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஐந்து பதிவு எழுதினேன், நான்கு அவருக்கு, ஒன்று எனக்கு. நல்ல நேரம் எட்டு முப்பது என்று எனக்குத் தெரியாதா, அதனால் முதல்முறையாக அவரைப் புதன்கிழமைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் என்னை வைத்தேன். வைத்தவள் யார் கணக்கு என்று பார்க்கவில்லை. அந்தச் செயலியைத் திறந்தால் அவர் படம்தான் முதலில் நிற்கும். இரண்டு வருடமாகப் பார்க்காமலே அமுக்கி அமுக்கிப் பழகிய விரல். மாட்டு வண்டியில் மாடு தானாக வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி அது அவரிடமே போயிருக்கிறது. சனியன் பிடித்த விரல்.

எடுத்துவிடலாம். மூன்று புள்ளியைத் தொட்டால் போதும், நீக்கு என்று வரும், ஒரு வினாடி வேலை. எட்டு முப்பத்திரண்டுக்கே பார்த்துவிட்டேன், ஏன் எடுக்கவில்லை? பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், எம்.டி. காலையிலேயே பார்த்துவிடுவார், போட்டதை ஏன் எடுத்தாய் என்பார். ஆனால் அது பொய். எனக்கு நானே பொய் சொல்லிப் பழகிவிட்டது, அவருக்காகச் சொல்லிச் சொல்லி. உண்மை என்னவென்றால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது, எழுபது, நூற்றுப் பத்து. நான் எழுதியது. பம்ப் வால்வு பற்றியோ டீலர் மாநாடு பற்றியோ இல்லை, என் அம்மாவைப் பற்றி நான் எழுதியது, நூற்றுப் பத்துப் பேருக்குப் பிடித்திருக்கிறது. நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது என் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. பக்கத்து சீட்டு அம்மாள் கூடையை என் கால் மேல் நகர்த்தி வைக்கிறாள், கூடை நிறையக் கத்தரிக்காய், 'கொஞ்சம் தள்ளி ஒக்காருங் கண்ணு' என்கிறாள், தள்ளி உட்கார இடம் எங்கே இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் முக்கியம். இதை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பதிவு போட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேர் பேசுகிறார்கள், நாம் எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறோம் என்பதை வைத்துத்தான் அது மற்றவர்களுக்குப் போகும். அவர் ஏதோ ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து, 'வாணி, இனிமே நம்மளும் லிங்க்ட்இன்ல தெனம் போடறோம்' என்றார். தினம் போட்டார். மூன்று வாரம். அதற்குள் அவருக்குத் தெரிந்த தத்துவம் எல்லாம் தீர்ந்துபோய்க் கடைசியில் சூரிய உதயத்தைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். தினம் போட்டால் யாராலும் தாங்க முடியாது சார், வாரத்துக்கு இரண்டு போதும், செவ்வாய், வியாழன், இரண்டு வாரத்துக்கானதை ஒரே நாளில் எழுதி வைத்துவிடலாம், கதைகளுக்கு ஒரு பட்டியல், ஒரு மணி நேரம் பதில், அவ்வளவுதான், வருடக்கணக்கில் ஓடும் என்று சொன்னவள் நான். ஓடுகிறது. இருபத்தோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். போன மாதம் மதுரையில் மேடையில் பொன்னாடை போர்த்தியபோது, 'எப்படி சார் விடாம எழுதறீங்க?' என்று கேட்டதற்கு, 'ஒழுக்கம்தான்' என்றார். நான் கீழே நின்று அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், வியாழக்கிழமைக்கு ஆகும் என்று.

கமெண்டுகள் வந்து விழுகின்றன. 'அருமை சார், கண்கள் கலங்கின.' அதற்கு நான், 'நன்றி சகோ, அம்மாக்கள் எல்லோரும் இப்படித்தான்.' ஐயோ, இல்லை, எல்லோரும் இப்படி இல்லை, இவள் ஒருத்திதான் இப்படி இருந்தாள். பூத்துக்கு வந்து போன் பேசுகிறவர்களில் யாருக்காவது கெட்ட செய்தி வந்தால் அம்மாவுக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்துவிடும், முதுகு ஒரு மாதிரி குனியுமாம். உடனே எழுந்து போய்க் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவாள், சேலையை விரித்து, பஸ் ஸ்டாண்டில் போகிறவன் வருகிறவன் யாரும் உள்ளே அழுகிறவரை வேடிக்கை பார்க்கக்கூடாது என்று. வரிசையில் நிற்கிறவர்கள் சத்தம் போடுவார்கள், பஸ் போகுது என்பார்கள். 'போனா அடுத்த பஸ்ல போங்க' என்பாள். உள்ளே இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானாகக் கதவைத் தட்டுகிறவரைக்கும் நகரமாட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவுதான் எழுத நினைத்தது. ஆனால் எழுதி முடித்ததும் கை நிற்கவில்லை, 'இதிலிருந்து தொழில்முனைவோர் கற்க வேண்டிய மூன்று பாடங்கள்' என்று போட்டுவிட்டது. ஒன்று, வாடிக்கையாளரின் தனிமையை மதியுங்கள். இரண்டு, வரிசையை விட மனிதர் முக்கியம். மூன்றாவதைச் சொல்லவே நாக்கூசுகிறது. என் பெயரில் போடுகிற முதல் பதிவு, என் சொந்த அம்மா, அதில்கூடப் பாடம் இல்லாமல் எனக்கு எழுத வரவில்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படியே அவர் எழுதுகிற மாதிரி இருக்கிறது. அவர் எழுதுகிற மாதிரி! அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் ஒரு வரி எழுதியிருக்கிறாரா?

கிணத்துக்கடவு பாலத்தில் ஏறும்போது அவரே கூப்பிட்டார். வந்துவிட்டது, இதோ கேட்கப்போகிறார். 'சார், ஒரு தப்பு நடந்துபோச்சுங்க சார், அது என்னோட பதிவு, கணக்கு மாறி' என்று ஆரம்பித்தேன். அவர் சிரிக்கிறார். 'தெரியுதும்மா. எங்கம்மா இங்க ஒக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருக்காங்க, ஒருத்தன் ஆழ்ந்த இரங்கல்ங்கறான். அதை மட்டும் தூக்கிரு.' எடுத்துவிடட்டுமா சார் முழுசா என்றேன். 'ஏம்மா, பைத்தியமா உனக்கு? நாலாயிரம் பேர் பாத்துட்டாங்க, இன்னும் அரை மணிகூட ஆகல. நம்ம வால்வுக்கு என்னிக்காவது இப்படி வந்திருக்கா?' சார், உங்களுக்கு பூத் இல்லையே என்றேன், அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது, கெஞ்சுகிற குரல். 'எங்க பெரியப்பன் ஒண்ணு வெச்சிருந்தாரு, சரியாப் போச்சு. யாரு வந்து கேக்கப்போறாங்க? இதையே ஒரு தொடரா வெச்சுக்கலாம் வாணி. வாராவாரம் செவ்வாய்க்கிழமை அம்மா. உங்கிட்ட இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?' நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பாக்கறேங்க சார்' என்றேன். நாசமாய்ப் போகிற வாய். பாக்கறேங்க சார். அம்மாவை எடுத்துப் பட்டியலில் போட்டு, இத்தனை செவ்வாய்க்கு வருவாள் என்று பாத்துச் சொல்றேங்க சார்.

இன்னும் எத்தனை இருக்கு என்றால் இருக்கிறது. அவள் சைக்கிள் கற்றுக்கொண்டது இருக்கிறது, நாற்பத்தொரு வயதில். பூத்துகளை எல்லாம் செல்போன் தின்றபிறகு அதே இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் வைத்துக்கொண்டு அதோடு சண்டை போட்டது இருக்கிறது. கடைசி நாள் இருக்கிறது. அதற்கு என்ன பாடம் போடுவது? போன வருடம் மே மாதம், விடிகாலை, காபி வேண்டாம் என்றாள், அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தோஹாவில் இருக்கிற தம்பி பூபதிக்கு நான்தான் போன் செய்தேன். 'நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துருவேன்க்கா, நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க' என்றான். சரிடா என்றேன். வெச்சிருக்கவில்லை. அவன் வரும்போது வீட்டைக் கழுவிவிட்டு, கழற்றிய பந்தல் கம்புகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். காரணம் இருக்கிறது, ஆனால் அது அவனிடம் சொல்கிற காரணம் இல்லை, அவனிடம் சொல்லக்கூடாது என்றுதான் நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கிளம்பிப் போய்விட்டான். பதினான்கு மாதம். தீபாவளிக்கு வாட்ஸப்பில் ஒரு வணக்கம் போடுகிற கை, என் பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம். பேச்சு இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவன் என்னை அம்மாவின் முகத்தைக் காட்டாமல் எரித்தவளாக நினைத்துக்கொண்டு அந்த வெயிலில் பைப் வெல்டிங் பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் இங்கே அம்மாவை ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறேன், வேறொருத்தன் அம்மாவாக.

ஒத்தக்கால்மண்டபத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறி நசுக்குகிறார்கள். எட்டு ஐம்பத்தெட்டு. பதில் சொல்லாமல் பதினேழு இருக்கிறது. 'நன்றி நண்பரே.' 'நன்றி மேடம், உங்கள் அம்மாவுக்கும் என் வணக்கங்கள்.' 'தங்கள் அன்புக்கு நன்றி ஐயா.' யாருடைய நன்றி, யாருடைய ஐயா, எதற்கு நான் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறேன், நிறுத்தத் தெரியவில்லை, அதுதான் பழக்கம் என்பது. இந்தப் பழக்கத்தைத்தான் நான் பெருமையாக உண்டாக்கினேன். கத்தரிக்காய் அம்மாள் என் போனை எட்டிப் பார்த்து, 'அத்தனை பேருத்துக்கும் நீயா கண்ணு பதில் போடறே?' என்கிறாள். ஆமாங்க என்கிறேன். அடுத்தது. அடுத்ததில் படம் இல்லை, வெறும் சாம்பல் வட்டம், பூபதி டி., வெல்டிங் சூப்பர்வைசர், தோஹா. கை நின்றுவிட்டது.

'சார் வணக்கம். இது எங்க அம்மா. பேரு துளசிமணி. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட்ல கோவை பஸ் நிக்கிற பக்கம் பூத் வெச்சிருந்தாங்க, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எங்க அக்கா கோகிலவாணி உங்க கம்பெனியிலதான் வேலை செய்யறா. பதினோரு வருசமா செய்யறா. அவகிட்டக் கேட்டுட்டுப் போட்டீங்களா? அவ ஒண்ணும் கேக்க மாட்டா. எல்லாத்தையும் உள்ள வெச்சுக்குவா. அதனால நான் கேக்கறேன்.'

திரும்பப் படிக்கிறேன். அவ ஒண்ணும் கேக்க மாட்டா. இந்தப் பயல், பதினான்கு மாதமாக என்னிடம் பேசாதவன், இருபத்தோராயிரம் பேர் பார்க்கிற இடத்தில் எனக்காக வந்து நிற்கிறான். இவன் எதற்கு எம்.டி.யைப் பின்தொடர்கிறான்? அக்கா வேலை செய்கிற கம்பெனி என்றுதானே. இரண்டு வருடமாகச் செவ்வாயும் வியாழனும் நான் எழுதியதைப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறான், நான் என்று தெரியாமலே. எனக்கு அழுகை வரும் என்று பார்த்தால் வரவில்லை, கோபம்தான் வருகிறது, அவன் மேலும், இத்தனை நாள் இந்தப் பாசத்தை எங்கேடா ஒளித்து வைத்திருந்தாய் நாயே என்று. அதற்குக் கீழே ஏற்கனவே மூன்று பேர் கூடிவிட்டார்கள். 'இது உண்மையா சார்?' 'விளக்கம் தேவை.' யாரோ ஒருவன், 'விளம்பரத்துக்காக இப்படியா பேசறது தம்பி' என்று பூபதியைத் திட்டுகிறான். திட்டுகிறவன் யார்? எங்கள் ஈரோடு டீலர்.

கம்பெனி போனில் எம்.டி.யின் குரல் பதிவு வந்தது. காதோடு ஒட்டவைத்துக் கேட்டேன். 'வாணி, யாரும்மா அவன், உன் தம்பியா? ஒடனே அந்தக் கமெண்டைத் தூக்கு. அவனை ப்ளாக் பண்ணு. அப்புறம் உன் பேர்ல கீழ ஒண்ணு போடு, எம்.டி. சார் எனக்குத் தெரிஞ்சுதான் போட்டாரு, இது அவங்க அம்மாதான், என் தம்பிக்குக் கொஞ்சம் மனசு சரியில்லைன்னு. அஞ்சு நிமிசத்துல முடிச்சுரு. ஆபீஸ் வந்ததும் பேசிக்கலாம்.' மனசு சரியில்லை. பூபதிக்கு மனசு சரியில்லை. நான் என் பேரில் எழுதுகிற முதல் எழுத்து அதுவாக இருக்க வேண்டும். இன்னொரு தடவை கேட்டேன், ஒருவேளை நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று. சரியாகத்தான் கேட்டிருக்கிறேன். மலுமிச்சம்பட்டி. செய்ய வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும், எந்தப் புள்ளியை அமுக்கினால் எது போகும் என்று. தூக்கினால் வேலை இருக்கும். வீட்டுக்கடன் இருக்கிறது, வயது முப்பத்தொன்பது, வேறு எந்தக் கம்பெனியில் போய் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று காட்டுவது? எல்லாம் அவர் பேரில் அல்லவா இருக்கிறது. தூக்கினால் பூபதியின் நான்கு வரியும் போய்விடும், அவன் திரும்ப வந்து பார்த்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். சாத்தியது அக்கா என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் சௌகரியம், இல்லையா? பதினான்கு மாதமாக அந்தச் சௌகரியத்தில்தானே இருவரும் இருக்கிறோம்.

எல்லாக் கமெண்டுக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பதில். விதி அது. நான் போட்ட விதி. எம்.டி. பேரில் பதில் சொல்வதற்கு எனக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், வேலை விவரத்தில் ஆறாவது வரி. கம்பெனி போனை எடுத்தேன். பஸ் குலுங்கியதில் இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன். அப்புறம் எழுதினேன். 'தம்பி பூபதி, நீங்கள் சொல்வது உண்மை. இது என் அம்மா இல்லை. உங்கள் அம்மா துளசிமணி. இதை எழுதியது உங்கள் அக்கா கோகிலவாணி. தவறுதலாக என் பெயரில் வந்துவிட்டது. எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார், நான் வேண்டாம் என்றேன். இந்த இரண்டு வருடமாக இந்தப் பக்கத்தில் வந்த ஒவ்வொரு பதிவையும் எழுதியது அவர்தான். இவற்றில் எதையும் நான் எழுதவில்லை.' பாடம் எதுவும் போடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எதுவும் இல்லை. ஒரு எழுத்து பொய் இல்லை என்று இன்னொரு தடவை சரிபார்த்தேன். அனுப்பினேன். ஒன்பது பதினொன்று.

இரண்டு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. ஈச்சனாரியில் நாலைந்து பேர் இறங்கினார்கள், ஜன்னல் காற்று வந்தது. அப்புறம் கம்பெனி போன் அதிர ஆரம்பித்தது, எம்.டி., நின்றது, மறுபடி எம்.டி., மனிதவளத்துறை மேடம், எம்.டி. நான் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அந்தப் பக்கம் என்னை வெளியே தள்ளிவிட்டுக் கடவுச்சொல் கேட்டது, பழைய சொல்லைப் போட்டேன், தவறு என்றது. மாற்றிவிட்டார்கள், இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு வேலை அந்த ஆபீஸில் நடந்து நான் பார்த்ததில்லை. இந்நேரம் பதில் போயிருக்கும், பதிவே போயிருக்கும். பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது. ஆனால் கோபம் குறையவில்லை, அதனால் உட்கார முடிந்தது. அப்போது என் சொந்த போன் அடித்தது. பூபதி என்று வந்தது. அவன் படம், அம்மாவோடு நிற்கிற பழைய படம், நான் மாற்றாமல் வைத்திருந்தது.

எடுத்தேன். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம், அவன் நடந்து தள்ளிப் போகிறான், சத்தம் குறைகிறது. வேலை போயிருமே, ஏன்க்கா இப்படிப் பண்ணினே என்று கேட்பான் என்று நினைத்தேன். 'ஏன்க்கா' என்றான். மூச்சு வாங்கினான். 'ஏன்க்கா நான் வர்ற வரைக்கும் வெச்சிருக்கலை?'

சுந்தராபுரம் சுந்தராபுரம் என்று கண்டக்டர் கத்தினார். என் நிறுத்தம். எழுந்து, திரும்ப உட்கார்ந்தேன். என்ன வந்தாலும் அவனிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

'ஐஸ் பெட்டி வேலை செய்யலடா' என்றேன். 'ராத்திரி காத்தும் மழையுமா அடிச்சு விடிய விடியக் கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் கொண்டாரேன்னு போனவன் வரவே இல்ல. காலைல பெட்டிக்குள்ள எல்லாம் தண்ணி. மே மாச வெக்கைடா பூபதி. பத்து மணிக்கெல்லாம் அம்மா நாற ஆரம்பிச்சிருச்சு. பெரியம்மா மூக்குல துணிய வெச்சுக்கிட்டா, அம்மா தலமாட்டுல ஒக்காந்துட்டே. அவ வெச்சதும் ஒவ்வொருத்தியா வெச்சா. என்னால பாத்துட்டு இருக்க முடியலடா. நீயும் வந்து அப்படிப் பாக்க வேண்டாம்னுட்டு, எடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன்.'

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

'பெரியம்மாவா?' என்றான். சின்ன வயதில் பம்பரத்தைப் பிடுங்கியவனை அடிக்கப் போகும்போது வருகிற குரல். 'அம்மா தலமாட்டுல ஒக்காந்துக்கிட்டு? மூக்குல துணிய வெச்சாளா?'

'ஆமாடா' என்றேன். 'வெச்சா.'